உள்பக்கத் தாழ்ப்பாள்

காலையில் விமான ப்ரொப்பெல்லரின் ஓர் இறக்கைமேல் ஜெயஸ்ரீ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தாள். பட்டறைக்குள் கொடி கட்ட இடமில்லை. அந்த இறக்கை தோள் உயரத்தில், தரைக்கு மட்டமாக நீட்டிக்கொண்டிருந்தது வசதியாக இருந்தது. மாலையில் எடுக்கப் போனபோது துண்டு தரையில் கிடந்தது. இறக்கை கூரையைப் பார்த்து நேராக நின்றது.

"இன்னாங்க, இத சுத்துனீங்களா?"

விமானத்தின் வயிற்றடியில் மல்லாந்து படுத்திருந்த அவள் கணவன் பாலமுரளி தலையை மட்டும் வெளியே நீட்டினான். "அத எப்டி சுத்துறது? எண்பது வருசமா சேத்துல கெடந்த இன்ஜினு. செயின் போட்டு இழுத்தாலும் அசையாது."

"துண்டு கீழ கெடக்குது."

"காத்துல விழுந்திருக்கும், வுடு."

பட்டறையில் காற்றே இல்லை. அவள் துண்டை உதறி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையோரம் அவர்களுடைய வெல்டிங் பட்டறை. அதை ஒட்டிப் பின்னால் வீடு. அனந்தபுரம் பக்கத்து ஏரி ஒன்றைத் தூர் வாரியபோது பொக்லைனின் வாயில் மாட்டிய விமானம் அது. இரண்டாம் உலகப் போரில் கிளம்பி, தளத்துக்குத் திரும்பாமல் போன ஒற்றை ஆள் போர் விமானம். பழைய விமானங்களைச் சேகரிக்கும் வெங்கடரமணன் என்ற சென்னைக்காரர் அதை வாங்கி, உடம்பைச் சீராக்கும் வேலையைப் பாலமுரளியிடம் கொடுத்திருந்தார். சிறகுகள் முறிந்திருந்தன. வால் நசுங்கியிருந்தது. ஆனால் விமானி உட்காரும் குழியை மூடுகிற கண்ணாடி மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. அது உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நெம்பித் திறந்து பார்த்தால் எலும்பு இல்லை, துணி இல்லை, சேறுகூட இல்லை. அந்தக் குழி மட்டும் காய்ந்து, துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

விமானியை இருக்கையோடு கட்டும் கான்வாஸ் பட்டை தைத்துத் தரும் வேலை ஜெயஸ்ரீக்கு. ஜாக்கெட் தைக்கிற கைதான், அளவெடுத்தால் தைத்துவிடுவாள். அளவெடுப்பதற்காக ஒருநாள் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள். யாரோ அப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. முழங்காலுக்கு முன்னாலிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. பக்கெட் அகலத்துக்கு ஓட்டை விழுந்து துருப்பிடித்த டேங்கில் பெட்ரோல் எங்கிருந்து வரும்?

அன்று வெங்கடரமணன் போனில் பேசியபோது அவளே கேட்டாள்.

"டேங்க் ஏன் சார் ஆளுக்கு முன்னாடியே இருக்குது?"

"எடைக்காகம்மா. பெட்ரோல் தீரத் தீர விமானம் முன்னாடியோ பின்னாடியோ சாயக் கூடாது. அதனால நடுவுல வெச்சாங்க. விமானிக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு தகடுதான்."

"குண்டு பட்டா?"

"தீ நேரா முகத்துக்கு வரும். தப்பிக்கணும்னா மூடியைத் திறக்கணும். திறந்தா வெளிக்காத்து தீயை உள்ளே இழுக்கும். திறக்கலேன்னா உட்கார்ந்த இடத்திலேயே... நிறையப் பசங்க அப்படித்தான்மா போனாங்க. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு."

அதற்குப் பிறகு அவள் பட்டறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். பாலமுரளி நேர் எதிராக மாறினான். வேலை முடிந்த பிறகும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். கூப்பிட்டால் வர நேரமானது. வந்தாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"உள்ள போய் மூடிக்கிட்டா ரோட்டுச் சத்தமே கேக்கல ஜெயா. யாரோ மூச்சு வுடறது மட்டும் கேக்குது."

"உங்க மூச்சுதான்."

"நான் அடக்கிப் பாத்தேன்."

சீக்கிரம் வேலையை முடித்து அனுப்பிவிடுங்கள் என்று அவள் சொன்னாள். அந்த வாரமே அனுப்பிவிடலாம் என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

மறுநாள் மாலை மழை பிடித்தது. ராஜகிரிக் கோட்டை மலை முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு இருந்த இடமே தெரியாமல் போனது. தகரக் கூரையில் கொட்டுகிற இரைச்சலில் தையல் மிஷின் ஓடும் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. விளக்கு ஒருமுறை மங்கியது, தெளிந்தது, கரண்ட் போய்விட்டது. மண்வாசனைக்கு நடுவே, ஈரத்தில் அமுங்கி, கதவிடுக்கு வழியாகப் பெட்ரோல் வாடை வீட்டுக்குள் நுழைந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு வாடை. தலைமயிர் கருகுவது போல.

"இன்னாங்க?"

பட்டறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தட். தட். தட். தகரத்தில் விழும் மழை இல்லை அது. கண்ணாடியை உள்ளிருந்து கையால் குத்துகிற சத்தம்.

அவள் ஓடினாள். பட்டறைக்குள் இருட்டு கெட்டியாக நின்றது. கால் எதிலோ இடறியது. ஸ்டூலில் ஏறி மூடிமேல் கையை வைத்து, சுரீரென்று இழுத்துக்கொண்டாள். தோசைக்கல் போலச் சுட்டது. உள்ளே தீ இல்லை, வெளிச்சம் இல்லை. இருட்டைவிடக் கறுப்பாக ஒரு தலை இப்படியும் அப்படியும் ஆடியது. ஒரு உள்ளங்கை கண்ணாடியில் வந்து அப்பியது.

திறந்தா தீயை இழுக்கும்.

அந்த வார்த்தை அவளைக் கட்டிப்போட்டது. கை அந்தரத்தில் நின்றது. உள்ளே குத்துவது மெலிந்தது. இன்னும் மெலிந்தது. விரல்கள் மட்டும் கண்ணாடியைப் பிறாண்டின.

தாழ்ப்பாள் உள்பக்கம். அவள் இரும்பு ராடைத் தேடி எடுத்து விளிம்பில் கொடுத்து நெம்பினாள். மூடி வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. அனல் முகத்தில் அறைந்தது. கண்ணை இறுக மூடியபடியே இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவினாள். அவள் தைத்து மாட்டிய பட்டை அகப்படவில்லை. ஒரு தோள் அகப்பட்டது. இழுத்தாள். அவன் மொத்தமாக அவள்மேல் சரிந்தான். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லங்க. வந்துட்டீங்க."

அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுத் தாங்கி வீட்டுப் பக்கம் நடத்தினாள். முதுகுக்குப் பின்னால் மூடி வழுக்கி வந்து சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. க்ளிக். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறையில் சுவரோரமாக உட்காரவைத்தாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தான். வெறும் சொம்பை நீட்டினான். மறுபடி கொடுத்தாள். அதுவும் காலி. மறுபடி நீட்டினான்.

"ஏதாவது பேசுங்களேன். எங்க சுட்டுது? டாக்டருகிட்ட போலாமா?"

மூச்சு மட்டும் வந்தது. கரகரவென்று, ஈரமாக. வெளிச்சத்துக்காகக் கையால் துழாவி அடுப்பைப் பற்றவைத்தாள்.

நீல நெருப்பு எழுந்த நொடியில் அவன் அலறினான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவருக்குள் புகுந்துவிடுகிறவன் போல ஒடுங்கினான். சொம்பு உருண்டது. கால்கள் தரையில் உதைத்தன.

பூட்ஸ் போட்ட கால்கள்.

முழங்கால்வரை பூட்ஸ். அதிலிருந்து ஏரிச் சேறு கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. பாலமுரளி செருப்பைத் தவிர எதுவும் போட்டவன் இல்லை.

அவள் பர்னரைத் திருகி அணைத்தாள். எதற்காக அணைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்திலிருந்து அந்தக் கைகள் விலகுவதைப் பார்க்க முடியாது என்பதாலா? இருட்டு. மழை. அந்த மூச்சு.

அப்போது பட்டறைப் பக்கமிருந்து, மழையைத் தாண்டி.

தட். தட். தட்.

"ஜெயா!" பாலமுரளியின் குரல். அவனுடையதேதான். "ஜெயா, எங்க போய்ட்ட? உள்ள சுடுதும்மா... தொற! தொற ஜெயா!"

அவள் வாசலை நோக்கித் திரும்பினாள். இருட்டிலிருந்து ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுப்பிடி இல்லை. பயந்த குழந்தை பிடிக்கிற பிடி. அவள் உதறினாள். இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்தாள்.

அந்தக் கையின் தோல் மட்டும், ஈரக் கையுறை போல, அவள் மணிக்கட்டோடு கழன்று வந்தது. தோலில்லாத விரல்கள் மறுபடியும் அவளைத் தேடி வந்து பிடித்துக்கொண்டன.

பட்டறையில் குத்துவது மெலியத் தொடங்கியிருந்தது.