காற்றோட்டமான வீடு

லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நின்றது. புரோக்கர் சாவியைத் திருப்பியதும், புதுப் பெயின்ட் நெடியும் பூட்டிக்கிடந்த வீட்டின் புழுக்கமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. கணவனுக்கு வீடு பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவன் பஸ் ஓட்டுபவன். டிப்போ நடக்கிற தூரம், பள்ளிக்கூடம் எதிரிலேயே. குடியிருந்த பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், மாதக் கடைசிக்குள் கிளம்பியாக வேண்டும். இதைவிட நல்ல ஏரியா எங்கே கிடைக்கும்?

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எதையும் இரண்டு முறை சரிபார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. குழாய்களைத் திறந்து பார்த்தாள், ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துத் தாழிட்டாள். நாலு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் வாலு, காலி அறைகளில் கத்தி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும் நேரத்தில் அவள் சத்தம் சட்டென்று நின்றது.

டக்.

கடைசியில் இருந்த சின்ன அறையின் ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. கம்பியில்லாத ஜன்னல். வாலு விளிம்பில் வயிற்றைச் சாய்த்து ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கவுனைப் பிடித்து இழுத்த அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நல்ல காத்தோட்டமான வீடு மேடம்," என்றார் புரோக்கர், வாசலில் நின்றபடி.

தாழ்ப்பாள் அம்மாவின் தலைக்கே மேலே இருந்தது. குழந்தைக்கு எப்படி எட்டும்?

பழைய வீட்டிலும் சின்ன அறை ஜன்னல் மூடினால் மூடினபடி நிற்காது. சட்டம் உளுத்துப்போச்சு என்று வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறார்கள். அங்கே கனத்த கம்பி இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வீடு பூங்கா ஏரியாவில், பதினான்காவது மாடி. இந்த முறை வாலுவை அவள் இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. ஜன்னல்களையெல்லாம் தாழிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே, டக்.

புரோக்கர் முகத்தில் ஈயாடவில்லை. காற்றாக இருக்கும் என்றான் கணவன்.

"காத்து தாழ்ப்பாளைத் தூக்குமாங்க?"

அவன் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான். அம்மாவின் தோளில் சாய்ந்திருந்த வாலு, பூட்டிய கதவைப் பார்த்து 'வா வா' என்று கையசைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அம்மா முடிவு செய்துவிட்டாள். தரைத்தளம். அது எந்த ஏரியாவாக இருந்தாலும் சரி. சாயப்பட்டறைப் பக்கம்தான் அப்படி ஒரு வீடு கிடைத்தது. பக்கத்தில் சாக்கடை, டிப்போவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கணவன் குதியோ குதியென்று குதித்தான்.

"நாத்தம் பழகிடும்ங்க. அவ விழுந்துட்டா..." என்றவள் மேலே பேச முடியாமல் அழுதுவிட்டாள். அவன் அடங்கிப்போனான்.

மூன்று மாடிக் கட்டடம். மொட்டைமாடிக்கு மட்டும் போக முடியாது என்றார் வீட்டுக்காரர். கதவு துருப்பிடித்து இறுகிவிட்டதாம், ஆள் வைத்துத் தட்டியும் அசையவில்லையாம். நல்லதாப் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

சாமான் இறக்கிய மத்தியானம், முதல் வேலையாகச் சின்ன அறை ஜன்னலை அவளே திறந்துவைத்தாள். வெளியே மண்தரை ஒரு சாண் பள்ளத்தில்தான் இருந்தது. இப்போ என்ன பண்ணுவே பார்க்கலாம் என்று காலி அறையைப் பார்த்து முணுமுணுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாயிற்று. பாத்திரங்களை எடுத்துவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது வாலு ஜன்னலடியில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி செல்லம், என்ன ஆச்சு?"

"அவங்களுக்கு இந்த வீடு பிடிக்கலையாம்."

"யாருக்கு?"

வாலு வெளியே தெரிந்த மண்ணைப் பார்த்தாள்.

"ரொம்பக் கீழ இருக்காம். மேல போய்ப் பார்க்கிறேன்னு போயிருக்காங்க."

சாயப்பட்டறையின் இரைச்சல் ஒரு கணம் அடங்கினாற்போல் இருந்தது. மூன்று மாடிக்கு மேலே, துருவேறிய இரும்பு உராயும் சத்தம் படிக்கட்டு வழியாக மெல்ல இறங்கி வந்தது.

டக்.

வாலு கவுனைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.