பதினான்கைத் தொட்ட முள்

எழுபத்திரண்டு மணி நேரம். அதில் எழுபது போய்விட்டது.

"சனிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும்தான். அதுக்குள்ள அந்த மெஷின் சரியாகலைன்னா பெஞ்ச்ல சுபாஷ் உக்காருவான். நீ பி.எட். அப்ளிகேஷன் போடு."

அப்பா தீர்த்தகிரி சொன்னால் சொன்னதுதான். பாகலூர் ரோட்டில் அவருடைய ரிப்பேர் கடைக்கு இருபது வருடப் பெயர். சரிசெய்து கொடுத்த ஒரு மெஷின் இரண்டு முறை திரும்பி வந்ததில்லை. வந்தது இப்போதுதான். அதுவும் மகள் கை வைத்த மெஷின்.

வினோதா பி.எஸ்சி. ஃபிசிக்ஸ். அந்த பெஞ்சுக்காக ஒரு வருடம் சண்டை போட்டாள். சத்தமில்லாத சண்டை... தினமும் பெரியப்பா மகன் சுபாஷ் வருவதற்கு முன்பே வந்து, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்துவிடுவாள். அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு மழையால் வந்தது.

எதிர்ச்சாரியில் வேறொரு கடைக்குப் போக இருந்தவன், மழைக்கு இங்கே ஒதுங்கினான். ரெயின்கோட்டைக் காப்பி போடும் எஸ்பிரெசோ மெஷினுக்குப் போர்த்தியிருந்தான். அவன் சொட்டச் சொட்ட நின்றான். இமையில் ஒரு துளி... விழலாமா, வேண்டாமா என்று தொங்கியது.

"மெக்கானிக் இல்லீங்களா?"

"இருக்காங்க."

"எங்கீங்க?"

"உங்க எதிர்ல."

துளி விழுந்தது.

பெயர் தினேஷ்குமார். கியர் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அதிர்வை அளப்பதுதான் வேலையே. "பம்ப் போயிடுச்சுங்க. சத்தத்த வச்சே சொல்லிடுவேன்" என்றான்.

"பம்ப் நல்லாருக்கு. அதத் தாங்குற ரப்பர்தான் கிழிஞ்சிருக்கும்."

"பாக்கலாமா?"

அவள் கழற்றிக் காட்டினாள். ரப்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. அவனுடைய காது மடல் சிவந்தது. அதை ஏன் கவனித்தோம் என்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள்...

ரப்பரை மாற்றியதும் பிரஷர் மீட்டர் முள் சரியாக ஒன்பதில் நின்றது. மேலே வைத்த தம்ளர் அசையவில்லை.

பத்து நாளில் மறுபடி வந்தான். "ஆடுதுங்க. முள்ளு பதினாலுக்குப் போகுது. காப்பி சொட்டுச் சொட்டாத்தான் வருது."

காப்பித் தூள் போடும் சல்லடையைக் கழற்றினாள். அடியில் பழுப்புப் பசை. "ஃபில்டர் காப்பித் தூள் போட்டீங்களா? அதுல சிக்கரி இருக்கு. வெந்நீர்ல ஊறி அடைச்சுக்கும். தண்ணி போக வழியில்லாம பம்ப் முட்டும். மெஷின் ஆடும்."

"அம்மா போட்டிருப்பாங்க..." என்றான். பார்வை மட்டும் சல்லடையில் இல்லை.

அடுத்த வாரம் புதன்கிழமை மூன்றாவது முறை. இந்தத் தடவை சல்லடை பளபளவென்று கழுவியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மாட்டினாள். பெஞ்சில் ஓட்டினால் ஒன்பது. "வீட்டுல மட்டும்தாங்க ஆடுது" என்றான் அவன். அப்பா கெடு வைத்தது அப்போதுதான்.

இப்போது சனிக்கிழமை, மணி மூன்று. மூக்கண்டப்பள்ளியில் அவன் வீட்டுச் சமையலறை. மேடையில் இருந்த டப்பாத் தூளைப் போட்டு மெஷினை ஓட்டினாள். முள் ஏறியது... பத்து, பன்னிரண்டு, பதினான்கு. தம்ளர் நடுங்கிக்கொண்டே விளிம்புக்கு நகர்ந்தது. மெஷினை நிறுத்தி, டப்பாவை முகர்ந்தாள். சிக்கரி.

"இது நீங்க போடுறதுங்களாம்மா?"

"நானா?" அவன் அம்மா நாராயணம்மா சிரித்தார். "எனக்கு என் ஃபில்டர் இருக்கு கண்ணு. இந்த ஆட்டம் போடுறத நான் தொட்டதே கெடையாது. அந்தத் தூளு அவன் வாங்கினது."

வாசற்படியில் நின்றவன் தரையைப் பார்த்தான். வெளியே தூறல் ஆரம்பித்தது.

"உங்களுக்கு வெளையாட்டு. எனக்கு அது என் எடம்" என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "அஞ்சு மணிக்கு மேல அந்த பெஞ்ச் எனக்கு இல்ல."

"அய்யோ... சத்தியமா தெரியாதுங்க. இப்பவே வரேன். மெஷின் சரியாயிடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடறேன்."

"சரியாயிடுச்சுன்னு இல்ல. கெடவே இல்லைன்னு சொல்லணும். எதுக்குக் கொண்டு வந்தீங்கன்னும் சேத்து."

"சேத்தா? உங்கப்பா கையில எப்பவும் ஸ்பானர் இருக்குதுங்க!"

"இருக்கட்டும்."

எதற்கென்று அவன் இன்னும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. தனியாக, இந்தத் தூறலில், மெதுவாகக் கேட்டால் இனிமையாகத்தான் இருக்கும்... வேண்டாம். கடை நடுவில் நின்று சொல்லட்டும்.

நான்கு ஐம்பதுக்குக் கடை. மிக்ஸியோடு ஒரு அம்மா காத்திருந்தார். பெஞ்சில் சுபாஷ் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிண்ணா" என்றாள் வினோதா. அவன் எழுந்தான். அவள் உட்கார்ந்தாள். "அப்பா, இவர் ஒண்ணு சொல்லணுமாம்."

தினேஷ்குமார் ஒரு அடி முன்னால் வந்தான். "மெஷின்ல கோளாறே இல்லீங்க. மொத நாளே உங்க பொண்ணு சரி பண்ணிட்டாங்க. அப்புறம் ரெண்டு தடவையும் சிக்கரித் தூளப் போட்டது நான்தான்."

"எதுக்குய்யா?"

"இவங்களப் பாக்கத்தாங்க... எனக்கு இவங்களப் பிடிச்சிருக்கு."

மிக்ஸி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. அவனை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"அவன் கதைய அப்புறம் பாக்கறேன். தூளு அடைச்சதக் கண்டுபிடிக்க உனக்கு மூணு நாளா? நீயெல்லாம் என்ன மெக்கானிக்கு?"

பேசாமல் இருந்தால் பெஞ்ச் போகும். பேசினால்... கடையே கேட்கும்.

எப்போதும் குனிகிற தலை. இன்று குனியவில்லை.

"மூணு நாள் ஆகலப்பா. கழுவின சல்லடையப் பாத்தப்பவே இது இவர் வேலைதான்னு தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா இவர் மறுபடி வரமாட்டாரே."