எட்டாவது பெயர்

“நீ மட்டும் இல்லன்னா இந்தப் போட்டியே நடந்திருக்காது, நோட்டு!” என்று போன வருடம் அண்ணன் சொன்னான்.

“நிஜமாவா?”

“பின்ன? அடுத்த வருஷமும் நீதான் நடத்தணும்.”

“அடுத்த வருஷம் நான்...”

“நீ?”

“நான்... புது நோட்டு வாங்கணும்.”

சொல்ல நினைத்தது அதுவல்ல. தொண்டை வரை வந்த வார்த்தை, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்த விருந்தாளிபோல் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

எப்போதும் கையில் ஒரு நோட்டோடு திரிவதால்தான் அவளுக்கு நோட்டு என்று பெயர். வயது பத்து. குடியிருப்பின் கீழ்த்தள அறையில் நடக்கும் டேபிள் டென்னிஸ் போட்டியை மூன்றாவது வருடமாக நடத்துகிறாள். சீட்டுக் குலுக்குவது, அட்டவணை போடுவது, புள்ளி எழுதுவது எல்லாம் அவள்தான். ஆடுவது மட்டும் மற்றவர்கள்.

அவளுக்கு ஆடத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அறையில் யாரும் இல்லாத நேரத்தில் மேசையின் ஒரு பாதியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, அந்தப் பலகையோடு ஆடுவாள். அவள் அடித்த பந்தையெல்லாம் பலகை திருப்பி அனுப்பும். ஒருநாளும் தோற்காது. ஒருநாளும் சிரிக்காது. ஒரே ஒருமுறை எதிரே ஓர் ஆள் நின்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

இந்த வருடம் ஏழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. அண்ணன் முதல் சீட்டை எடுத்தான். தையல்காரர் மகள் வாண்டு கடைசிச் சீட்டை எடுத்தாள். அவளுக்கு ஏழு வயது. மேசைக்கு மேலே பாதி முகம்தான் தெரியும்.

“அக்கா, எனக்கு யாரு?”

“உனக்குப் பை.”

வாண்டு தலையாட்டிவிட்டு ஓடினாள். இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை!

“கொண்டு வந்துட்டேன்க்கா!”

அறையே சிரித்தது. மூலையில் ஏணி மேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் மாமாவுக்கு ஏணியே ஆடியது.

“அந்தப் பை இல்லடா கண்ணு,” என்றாள் நோட்டு. “ஏழு பேர ரெண்டு ரெண்டா சேர்த்தா ஒருத்தர் மிச்சம். அவங்களுக்கு எதிரே ஆள் இல்ல. ஆடாமலே அடுத்த சுத்துக்குப் போயிடலாம். அதுக்கு இங்கிலீஷ்ல பேருதான் பை.”

“உனக்கு அதிர்ஷ்டம்டி!” என்றான் மாடிவீட்டுச் சுருட்டை.

“வேணும்னா அத நீயே வெச்சுக்கோ.” வாண்டுவின் உதடு பிதுங்கியது. “ஆடாம எப்படி ஜெயிக்கறது? எனக்கு ஆடணும். யாரோடயாவது ஆடித் தோத்தாக்கூடப் பரவாயில்ல.”

நோட்டுவுக்குச் சுருக்கென்றது. அவள் மாமாவிடம் போனாள்.

“மாமா, ஒரே ஒரு ஆட்டம் ஆடுறீங்களா?”

“நான் இந்த ஏணியிலேருந்து இறங்கறதுக்குள்ள உங்க போட்டியே முடிஞ்சிடும்மா!”

வாசலில் போன பால்காரரைக் கேட்டாள். அவர் கை காட்டிவிட்டு நிற்காமல் போனார்.

“விடு நோட்டு,” என்றான் அண்ணன். “பையே இருக்கட்டும். ஒரு ஆட்டம் கூடினா நேரமும் பத்தாது.”

“பத்தும்ண்ணா.” நோட்டைப் புரட்டிக் காட்டினாள். “எட்டுப் பேருன்னா ஏழு ஆட்டம். ஆட்டத்துக்குக் கால் மணி. பத்துக்கு ஆரம்பிச்சா பதினொன்னே முக்காலுக்கு முடிஞ்சிடும். இந்த அறையில நடன வகுப்பு பன்னெண்டு மணிக்குத்தான்.”

“நேரம் இருக்கு சரி. ஆள் எங்க?”

நோட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாண்டு பையைக் கழற்றாமல் மட்டையைக் கட்டிப்பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உனக்கு ஆடத் தெரியாதா?”

“அவ நடத்தறவ, வாண்டு,” என்றான் சுருட்டை. “அவ ஆடினா புள்ளி யாரு எழுதறது?”

“தோத்தவங்க எழுதட்டும்,” என்றாள் நோட்டு மெதுவாக. “முதல் ஆட்டத்துக்கு நான் எழுதறேன். அதுல தோத்தவங்க ரெண்டாவது ஆட்டத்துக்கு எழுதட்டும். ரெண்டாவதுல தோத்தவங்க மூணாவதுக்கு. சும்மா உக்காந்திருக்கவும் வேண்டாம்.”

“அட, இது நல்லா இருக்கே!” என்று ஏணியிலிருந்து குரல் வந்தது.

நோட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு யாரிடமும் கொடுக்காத நோட்டை அண்ணனிடம் நீட்டினாள். பென்சிலையும் நீட்டினாள். அவன் விழித்தான்.

“என்ன இது?”

“எட்டாவது ஆள் கிடைச்சாச்சு. அந்தப் பையை அழிச்சிட்டு எழுது.”

அண்ணன் பரபரவென்று அழித்தான். பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“ம், சொல்லு. யாரு?”

“என் பேரை எழுதுண்ணா,” என்றாள் அவள். “நானும் ஆடணும்.”