மூன்றாவது கரிக்கோடு

புட்டியில் மருந்து ஒரு விரற்கடை குறைந்திருந்தது. இன்றைக்கு ஒரு முட்டைக்குக்கூட மருந்து விடவில்லை என்பது வெண்மதிக்கு நன்றாகத் தெரியும்.

மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் பென்னாகரம் பக்கமிருந்து ஏறிவந்த மேகம் ஆராய்ச்சிக்கூடத்தை இருட்டடித்துவிட்டது. ஸ்பிரிட் வாடையும், முட்டைப் பெட்டியின் இளஞ்சூடும், சுவருக்கு அந்தப் பக்கம் விடாமல் உறுமிய ஜெனரேட்டரும் சேர்ந்து அவளுக்குத் தலையைச் சுற்றியது. ஒவ்வொரு கோழிமுட்டையாக விளக்கின்மேல் வைத்துப் பார்த்தாள். சிவந்த நரம்புகளுக்கு நடுவே கருக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஸ்கேன் எடுக்கையில் துள்ளினால் படம் கலங்கிவிடும். அதற்காகத்தான் ஓட்டில் சின்னத் துளையிட்டு, மயக்க மருந்தைச் சொட்டாக விட்டு, அவற்றைத் தூங்கவைப்பார்கள். ஊரில் அடைவைக்கிற முட்டைக்கு அவளுடைய ஆத்தா கரியால் குறிபோடுவாள். அந்தப் பழக்கத்தில் இவளும் இங்கே மருந்து விட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கரிக்கோடு போட்டுவந்தாள். கூடத்தை நடத்தும் நிர்மலாதேவி மேடம் முதலில் சிரித்தார். பிறகு அதையே கூடத்தின் வழக்கமாக்கிவிட்டார். மூன்று கோடு வாங்கிய முட்டை எதுவும் இதுவரை பொரித்ததில்லை.

இன்று ஒன்றிலும் கோடில்லை. பிறகு மருந்து எங்கே போனது?

கை தானாக வயிற்றைத் தொட்டது. ஏழாம் மாதம். ஆறு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிய பிறகு தங்கிய பிள்ளை. மதியம் மேடம் கொண்டுவரும் ராகி மால்ட்டைக் குடித்ததும் உள்ளே ஒரு ஆட்டம் போடும். இந்த வாரம் மால்ட் குடித்தால் அவளுக்கே கண் சொருகியது. பக்கத்து அறைப் பெஞ்சில் படுக்கச்சொல்லி மேடமே போர்த்தியும் விடுவார். இன்றும் அங்கே தூங்கி, சற்றுமுன்தான் எழுந்து வந்திருந்தாள். வளைகாப்பில் முதல் வளையலைப் போட்ட கை அது. "மேடம் கீடம்லாம் வேணாம், அக்கான்னே கூப்புடு" என்றவர்.

மதியத்திலிருந்து பிள்ளை அசையவில்லை.

"கண்ணு, ஒரே ஒரு உதை. அம்மாவுக்காக."

ஒன்றுமில்லை.

சேலைக்கடியில் விரல் பிசுபிசுத்தது. குளிர்ந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு முன் தடவினார்களே, அதே ஜெல். அவள் மெல்லத் திரும்பிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். துளிக் கலங்கலில்லாத படம். வெள்ளையாய் முதுகெலும்பு. மடங்கிய ஒரு கை. விரல்களை எண்ணினாள். ஐந்து.

கோழிக்குஞ்சுக்கு ஏது கை?

"அதுக்குள்ள எழுந்துட்டியா?"

வாசலில் நிர்மலாதேவி. குரலில் அதே பிரியம்.

"அக்கா... எம் புள்ளைக்கு என்னங்க குடுத்தீங்க?"

"பயப்படாத வெண்மதி. தூங்குது. இவ்ளோ தெளிவா யாருமே எடுத்ததில்ல. கொஞ்சங்கூட அசையல பாரு."

"கூடப் பொறந்தவளாட்டம் நம்புனனுங்களே உங்கள!"

நிர்மலாதேவி வெளியே நகர்ந்து கதவைச் சாத்தினார். கதவில் சாவி திரும்பியது.

வெண்மதி கொசுவத்தைத் தளர்த்தினாள். பளபளத்த ஸ்டீல் தட்டை எடுத்து வயிற்றுக்குக் கீழே பிடித்தாள். அவள் கண்ணுக்கு எட்டாத அடிவயிற்று வளைவு தட்டில் தெரிந்தது.

குளித்ததில் மங்கிய இரண்டு கோடுகள்.

பக்கத்தில் இன்னொன்று. புதுசு. ஈரத்தில் கரி கரைந்து, கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது.