சல்லடைக்குத் தப்பிய முகம்!

செல்போன் அலறியது.

நியாயப்படி இந்த இடத்தில் ஒரு பிணம் கிடக்க வேண்டும். ரத்தம், கத்தி, ஒரு பெண்ணின் வீறிடல்... எல்லாம் யோசித்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். என்ன செய்ய? இந்தக் கதையில் ஒருவர்கூடச் சாகமாட்டேன் என்கிறார்கள். இருக்கிற போனை வைத்து ஒப்பேற்றுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனை எடுத்தவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர் சல்லடை.

வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் சமூக வலைதளப் பக்கங்களை மேய்ந்து, 'இவன் யோக்கியன், இவள் வேண்டாம்' என்று கம்பெனிகளுக்குச் சொல்லும் நிறுவனம் அது. அங்கே சலிப்பதுதான் இவன் வேலை.

"சொல்லுங்க சார்..." என்றான் நுரையோடு.

"வாயைக் கழுவிட்டுக் கேளு!" முதலாளியின் குரல் நடுங்கியது. "போன மாசம் நகைக்கடைக்கு ஒரு கேஷியரை ஓகே பண்ணினியே..."

"ஆமா சார். தங்கமான பையன்!"

"தங்கத்தோட போயிட்டான்டா!"

சல்லடை நுரையை விழுங்கினான்.

"லாக்கர் காலி! பையனையும் காணோம்! இன்ஸ்பெக்டர் என் எதிர்ல உட்கார்ந்து உன் ரிப்போர்ட்டைப் படிச்சுப் படிச்சுச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல. உடனே வா!"

ஓடினான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. முதலாளியின் மேஜைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"'குணம், நூற்றுக்கு நூறு. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.' நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம்..."

"நீங்க சொன்ன மாதிரியே கடைக்காரர் கண்ணை மூடிக்கிட்டு நம்பிட்டார். எதை வெச்சு எழுதினீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டதும் சல்லடைக்குப் பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது. சில பேர் அப்படித்தான்.

"அது ஒரு கலை மேடம்! பக்கத்தைத் திறந்ததும் நான் கையைத்தான் பாப்பேன்."

"கையையா?"

"கையில என்ன வெச்சிருக்காங்கன்னு! க்ளாஸ், சிகரெட், சீட்டுக்கட்டு... இருந்தா அவுட்! இந்தப் பையன் கையில ஒரு படத்துல செடி. இன்னொண்ணுல புஸ்தகம். மத்த எல்லாத்துலயும் அவங்க அம்மா கையைப் பிடிச்சிட்டு நிக்கிறான்!"

"பழைய முதலாளி, பக்கத்து வீடு... யாரையாவது கேட்டீங்களா?"

"எதுக்கு மேடம்? அவங்க பொய் சொல்லலாமே!"

"போட்டோ சொல்லாதா?"

முதலாளி இடையில் புகுந்தார். "மேடம், வர்றது கூட்டம் கூட்டமா வருது. ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய் நின்னு விசாரிக்க முடியுமா?"

"முடியாதுன்னா யோக்கியன்னு சொல்லாதீங்க! 'இவருக்கு நல்லா படம் எடுத்துக்கத் தெரியும்'னு மட்டும் எழுதிக் குடுங்க!"

என் கதைகளில் நல்ல வசனம் எல்லாம் போலீசுக்கே போய்ச் சேர்கிறது. எனக்கு மிஞ்சுவது ஆச்சரியக்குறி மட்டும்தான்!

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பைத் திருப்பினார். திரை முழுக்க ஒரு படம். கேஷியர். அவன் தோளில் சாய்ந்து சிரிக்கும் ஓர் அம்மாள்.

"இந்த அம்மா கிடைச்சா பையன் கிடைப்பான். படத்தை நல்லா பாத்திருப்பீங்களே... எந்த ஊரு, எந்தத் தெரு, ஏதாவது தெரியுதா?"

"பாத்தேன் மேடம். கையில ஒரு மோதிரம். க்ளாஸ் இல்ல. சுத்தம்!"

"யோவ், கையை விடுய்யா! முகத்தைப் பாரு!"

பார்த்தான். அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. மணிக்கட்டில் ஆரம்பித்து, தோளுக்கு ஏறி, கழுத்தைத் தாண்டி, மெதுவாக முகத்துக்கு வந்து சேர்ந்தான்.

"அ... அ..."

"என்ன?"

"அத்தை!"

"எந்த அத்தை?"

"என் பொண்டாட்டியோட அம்மா மேடம்! எங்க வீட்லதான் இருக்காங்க! நேத்துகூட டீ போட்டுக் குடுத்தாங்க!"

முதலாளி தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் அவனிடமிருந்து நகர்த்திக்கொண்டார்.

"ஓஹோ..." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "திருடனுக்கு மாமியார் அம்மா. மாப்பிள்ளை சர்ட்டிபிகேட். குடும்பத்தோட தொழில் பண்றீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்!"

"வீட்ல இருக்கிற மாமியாரையே தெரியலையா?"

"நான் அவங்க முகத்தைப் பாத்துப் பேசறதே இல்ல மேடம்..."

"அது எல்லா மாப்பிள்ளையும் சொல்றதுதான். ஏறு ஜீப்புல!"

ஜீப் பறந்தது. சல்லடை கணக்குப் போட்டான். வேலை போகும்... ஜெயிலும் கிடைக்கும்... அதைவிட, நாளைக்கு எவனாவது இவன் பெயரைத் தட்டிப் பார்த்தால் விலங்கோடு நிற்கிற படம்தான் வரும். அந்தக் கையைப் பார்த்து எவன் வேலை கொடுப்பான்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்தாள் மனைவி.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரம்..." பின்னால் காக்கியைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பை நீட்டவில்லை. ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"இந்த வீட்ல படம் எடுத்து யோக்கியன் தயாரிக்கிறது யாரு?"

மனைவி தலையைக் குனிந்தாள்.

"நான்தான் மேடம். ஆனா தப்பா எதுவும் பண்ணல..." புருஷன் பக்கம் திரும்பினாள். "எதிர்வீட்டுப் பொண்ணை ஞாபகம் இருக்குதாங்க? கையில க்ளாஸ் இருக்குன்னு வேலை கிடைக்காமத் தள்ளிவிட்டீங்களே?"

"ஆமா... சிவப்பா ஏதோ..."

"மாதுளை ஜூஸ்ங்க! ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் குடிக்கச் சொன்னது! அவ இங்க வந்து தேம்பித் தேம்பி அழுதா. எனக்கு மனசு கேக்கல. தினம் சாப்பிடும்போது நீங்கதானே சொல்வீங்க... அம்மா இருந்தா நல்லவன், செடி இருந்தா ரொம்ப நல்லவன்னு! அதே மாதிரி படம் எடுத்துப் போட்டுவிட்டேன். நீங்களே பாஸ் பண்ணினீங்க! அப்புறம் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. அம்மா இல்லாதவங்களுக்கு எங்கம்மா நின்னாங்க..."

எதிர்வீட்டுப் பெண் தினமும் மாடிப்படியில் சல்லடைக்கு வணக்கம் சொல்வாள். இவன் அவள் பையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவான். வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"அழுதுட்டு வந்தவங்க சரி," என்றார் இன்ஸ்பெக்டர். "நடுவுல ஒருத்தன் சிரிச்சிட்டே வந்திருக்கான். நகைக்கடையில கேஷியராப் போனவன். அவன் எங்க?"

"யாரு எங்க வேலைக்குப் போனாங்கன்னு நான் கேக்கறதே இல்ல மேடம்..."

அப்போது பின் அறையிலிருந்து ஓர் அதட்டல்!

"ஏம்பா, பட்டனைப் போடு! அம்மா தோள்ல கையைப் போடு! போன தடவை மாதிரி விறைப்பா நிக்காதே!"

மாமியார்!

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. "உள்ள யாரு?"

"பழைய கஸ்டமர் மேடம்..." மனைவியின் குரல் தந்தியடித்தது. "வேற ஊர்ல வேலைக்குப் போறானாம். பேரை மாத்திட்டானாம். புதுசா ஒரு பக்கம் வேணும்னு காலையிலயே வந்துட்டான்..."

கதவை உடைக்கும் காட்சி! இதற்காகத்தான் முதல் வரியிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் பாய்ந்து ஓங்கி உதைத்தார்.

கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. எனக்கு வாய்த்தது அவ்வளவுதான்!

உள்ளே கண் கூசும் விளக்குகள். நடுவில் மாமியார். பக்கத்தில் தொட்டிச் செடியை அணைத்தபடி... கேஷியர்! காலடியில் ஒரு கனத்த பை.

அந்தச் செடியைப் பார்த்த சல்லடைக்குத் தலை சுற்றியது. இவன் பாஸ் போட்ட அத்தனை உத்தமர்களும் நட்டது இந்த ஒரே செடியைத்தான்!

"அசையாதே!"

கேஷியர் தொட்டியை வீசிவிட்டுத் திரும்பி ஓடினான். சுவரில் தொங்கிய துணியில் அழகாக ஒரு தோட்டத்து வாசல் வரைந்திருந்தது. அவசரத்தில் அந்த வாசல் வழியாகத் தப்பிக்கப் பார்த்தான்.

நங்!

சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேஷியர் சரிந்து விழுந்தான். பையைத் திறந்தால் உள்ளே நகைகள் பளபளத்தன.

விலங்கு அவன் கையில் ஏறியது.

"அம்மாவும் பொண்ணும் சாட்சி சொல்ல வரணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கடையை இன்னியோட மூடணும்!"

"மேடம்... நான்?" என்றான் சல்லடை.

"நீ கூட்டாளி இல்லய்யா. அதுக்குக் கொஞ்சமாவது விவரம் வேணும்!"

ஜீப் போய்விட்டது. சல்லடைக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. உடனே போனும் வந்தது.

"சார், திருடன் கிடைச்சுட்டான்!"

"கேள்விப்பட்டேன். இப்பதான் உன் பக்கத்தைத் திறந்து பாத்தேன்."

"எ... என் பக்கத்தையா?"

"ஒரு படம் இல்ல! ஒரு வரி இல்ல! பக்கம் காலியா இருந்தா ஆள் எதையோ மறைக்கிறான்னு நீதானே ரூல் எழுதிக் குடுத்தே? இனிமே ஆபீஸ் பக்கம் வராதே!"

டொக்!

சல்லடை இடிந்துபோய்த் தரையில் உட்கார்ந்தான். மனைவிக்குப் பாவமாக இருந்தது.

"விடுங்க, வேற வேலை தேடிக்கலாம். எழுந்து அம்மா பக்கத்துல நில்லுங்க. ஒரு படம் எடுத்துப் போட்டுடலாம்."

"கடையை மூடச் சொன்னாங்களே..."

"இது கடை இல்லீங்க. குடும்பப் படம்!"

நின்றான். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். அது உர்ரென்று இருந்தது.

"அத்தை... கொஞ்சம் சிரிங்களேன்..."

மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"திருடனுக்கு அம்மாவா நின்னப்போ சிரிப்பு தானா வந்துச்சு மாப்பிள்ளை. உங்களுக்கு மாமியாரா நின்னு சிரிக்கணும்னா... அது டபுள் ரேட்!"