பதில் வந்து சேரும் நேரம்

மருமகள் கதவைத் திறந்தபோது வெளியே நல்ல வெயில். மூன்று மாடி ஏறியதில் என் முட்டி கழன்றுவிட்டது போல இருந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள், "நல்லவேளை வந்தீங்க மாமா" என்றாள். கண் இரண்டும் குழி விழுந்திருந்தன.

"எங்கே உன் புருஷன்?"

"உள்ளேதான். வேலைக்குப் போயே ரெண்டு வாரம் ஆச்சு. தட்டுல போட்டு வச்சா வச்ச மேனிக்கு இருக்கு. ராத்திரி பகல் தெரியல. நீங்க கையோட கூட்டிட்டுப் போயிடுங்க."

"வரலேன்னா?"

"இழுத்துட்டுப் போங்க."

அதற்குத்தான் வந்திருந்தேன். எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் போன மழையில் பைக்கோடு பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தான். சேற்றிலிருந்து அவனை எடுத்தபோது அடையாளம் சொன்னது நான்தான். மிச்சம் இருப்பது இந்தச் சின்னவன் ஒருத்தன். இவனையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அறையில் ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தான். பட்டப்பகலில் கும்மிருட்டு. கம்ப்யூட்டர் மட்டும் நீலமாக எரிந்தது. அதன் காற்றாடி ஈ மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. உள்ளே கால் வைத்ததும் மூக்கில் ஏறியது ஆற்றுச் சேற்று வாடை. மூன்றாவது மாடியில் சேறு எங்கிருந்து வரும்? குளிக்காதவன் வாடை என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னடா, ராக்கெட் கம்பெனி முதலாளி! சோறு தண்ணி கிடையாதா?"

"கொஞ்சம் இருப்பா. கடைசி சாட்டிலைட்."

விளையாட்டுதான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடியது. ராக்கெட் விடுவார்கள், கோளைச் சுற்றுவார்கள். சாவதற்கு முன்னால் பெரியவன் அதில் ஒரு விண்கப்பலைச் சிவப்புக் கோள் வரைக்கும் அனுப்பியிருக்கிறான். உள்ளே உட்கார்ந்திருக்கும் பொம்மை ஆளுக்குத் தன் பெயரையே வைத்தானாம். அவசரக்காரன், சின்ன ஆண்டெனாவை மாட்டி அனுப்பிவிட்டான். அவ்வளவு தூரத்துக்கு அது எட்டவில்லை. தரையிலிருந்து உத்தரவு போகாத கப்பல் அசையாது. அங்கேயே கிடந்தது.

"நிஜத்துல எப்படியோ அப்படியே கட்டியிருக்கேன்பா. குறுக்கு வழியே கிடையாது" என்று காட்டினான். பூமியைச் சுற்றி மூன்று சாட்டிலைட், சிவப்புக் கோளைச் சுற்றி மூன்று. ஒன்றை ஒன்று பார்த்தபடியே சுற்ற வேண்டும். வேகம் மயிரிழை பிசகினாலும் நாளாக ஆக ஒன்றை ஒன்று நெருங்கிப் போய், இன்னொரு பக்கம் ஓட்டை விழுந்துவிடும். நடுவில் சூரியன் வந்து மறைக்கும் என்று தள்ளி ஒன்றை நிறுத்தியிருந்தான். அதுதான் கடைசி.

"இத்தனையும் எதுக்குடா? செத்தவனைக் கூப்பிடவா?"

"கப்பலைக் கூப்பிடப்பா. பாவம், அவன் தனியா கிடக்கான்."

கப்பலில் ஆரம்பித்து அவனில் முடித்தான். எனக்குப் பிடிக்கவில்லை.

"இது முடிஞ்சா என்னோட வருவியா?"

"சத்தியமா வரேன்பா."

சாட்டிலைட்டுகளுக்கு நடுவே பச்சைக் கோடு ஒவ்வொன்றாக இழுபட்டு, கடைசியில் கப்பலைத் தொட்டது. விளக்கைப் போடச் சொல்லி உத்தரவு அனுப்பினான். "போய்ச் சேரணும், திரும்பி வரணும். நேரமாகும்பா. தூரம் அப்படி."

மருமகள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். அப்போதுதான் திரையில் கப்பல் விளக்கு எரிந்தது. சின்னவன் தேம்பித் தேம்பி அழுதான்.

"சரி, எழுந்திரு."

"அந்த விளக்கை அணைச்சிட்டு வந்துடறேன்."

நான் சிகரெட் பற்றவைத்தேன். இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன். விளக்கு அணைந்தது.

"என்னடா, இதுக்குள்ளயா?"

"தெரியலப்பா… கப்பல் நகரவே இல்ல. அதே இடத்துலதான் காட்டுது."

மறுபடி போட்டான். இந்தத் தடவை ஒரு மூச்சு விடும் நேரத்தில் எரிந்தது.

ஆயுசு முழுக்கக் கல் குவாரியில் வெடி வைத்தவன் நான். வெடிச் சத்தம் எதிர்ச் சுவரில் முட்டித் திரும்பி வரும். சீக்கிரம் வந்தால் சுவர் கிட்டே இருக்கிறது. இதற்குப் படிப்பு வேண்டாம். ஆனால் சுவர் நம்மை நோக்கி நடந்து வந்து நான் பார்த்ததில்லை.

"டேய், போதும். கையை எடு."

எடுத்தான்.

கையை எடுத்த பிறகு விளக்கு அணைந்தது.

எரிந்தது.

இரண்டு தரம் மினுக்கி, கொஞ்சம் விட்டு, ஒரு தரம். பெரியவன் வீட்டுக்கு வந்தால் கதவை அப்படித்தான் தட்டுவான்.

சேற்று வாடை தொண்டையை அடைத்தது.

"அண்ணா?" என்றான் சின்னவன், மெல்ல.

எங்கள் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது. அதைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு. அப்புறம் ஒன்று.

வெளியிலிருந்து அல்ல. உட்பக்கத்திலிருந்து.

நான் திரும்பவில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்.

திரை கறுத்தது. காற்றாடி நின்றது. அறை விளக்கைப் போட்டுப் பார்த்தால் அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

"கிளம்புடா."

அவன் என்னைப் பார்த்தான். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான், "வரேன்பா" என்றான். பயந்துபோயிருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

இப்போது அவனும் மருமகளும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். சின்னவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான். முகம்கூடத் தெளிந்திருக்கிறது. கேட்டதற்குப் பதில் மட்டும் தாமதமாக வருகிறது. முதலில் ஒரு மூச்சு நேரம். அப்புறம் இரண்டு இழுப்பு. காது நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். நேற்று மருமகள் அவனிடம், "இன்னும் கொஞ்சம் சோறு போடவா?" என்று கேட்டாள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "போடு" என்றான்.

"உங்க பிள்ளைக்கு டவர் கிடைக்கல மாமா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் தாமதித்தால் சுவர் தள்ளிப் போகிறது.

இன்று மதியம் மருமகள் கடைக்குப் போயிருந்தாள். நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவன் கையைப் பிடித்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"சின்னவனே, இங்கேதானே இருக்கே?" என்று கேட்டேன்.

கேட்டு முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது. ஆளில்லாத உள்ளறையிலிருந்து.

"இருக்கேன்பா."

பெரியவன் குரல். தண்ணீர் நிறைந்த தொண்டை.

சின்னவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசையவில்லை. இப்போது பொழுது சாய்ந்துவிட்டது. அவன் கையை நான் இன்னும் விடவில்லை.

அவன் பதில் இன்னும் வந்து சேரவில்லை.