எட்டாவது அடி

ஒரு மனிதனின் கடைசி மூச்சை அவள் இரண்டு சிகரெட் பாக்கெட்டுக்கும் ஒரு பழைய கைக்கடிகாரத்துக்கும் வாங்கினாள். தகரத் தொழிற்சாலைக் காவல்காரர் முதலில் கேட்டது மூன்று பாக்கெட்.

சத்தத்தின் அளவைச் சோதிக்க எடுத்த டேப் அது. பிரஸ் மெஷின் ஐந்து முறை இடிக்கும். ஐந்தாவது இடியில் ஒரு தொழிலாளி நசுங்கிச் செத்துப்போனான். அந்த ஐந்தையும் வெட்டி, வளையமாக ஒட்டி, ஓயாமல் சுற்றவிட்டாள். அவளுடைய ‘துருப்பல்’ இசைக்குழுவுக்குத் தாளம் கிடைத்துவிட்டது.

கார் ஷெட்டில் நடந்த முதல் கச்சேரிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். மூன்று பேர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார்கள். ‘பாத்திரக்கடையில் பூகம்பம்’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. அதையே பனியனில் அச்சடித்து விற்றாள். இருபது வருடத்தில் மைதானங்கள் நிறைந்தன.

இரண்டாவது ஆல்பத்தின்போது வளையத்தில் ஆறு அடி கேட்டது. ஆறாவதில் பேஸ் கிட்டார்காரனின் தொண்டைச் செருமல். அந்த வாரமே அவன் செத்துப்போனான். மூன்றாவது ஆல்பத்தில் ஏழு. டிரம்மர் விரல் சொடுக்கும் சத்தம். அவனும் போனான். மிஞ்சியது பாடகியான அவளும், கிட்டார் வாசிக்கும் தம்பியும்.

இன்று நாலாவது ஆல்பம். நிலவறை ஸ்டுடியோவில், ஈரக் கம்பளத்தின் வாடையும் சூடேறிய டேப் மெஷினின் தூசி நாற்றமும் மூக்கில் ஏற, சுவருக்குள் யாரோ இரும்புச் செருப்போடு நடப்பதுபோல் ஒலிபெருக்கி இடிக்க, அவள் கண்ணை மூடி எண்ணினாள்.

எட்டு.

“டேய், டேப்ல எதாவது ஒட்டினியா?”

“தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னது யாரு?”

“எட்டு அடி கேக்குது.”

“ஏழுதான்க்கா. உனக்கு வயசாயிடுச்சு.” கிட்டாரை எடுத்தவன், வழக்கம்போல் பல் இடுக்கு வழியே மெல்ல விசிலடித்தான்.

எட்டாவது அடியிலும் அதே விசில்.

அடுத்தது தம்பி என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு கோபம் வந்தது.

“தலைவலி மாத்திரை கார்ல இருக்கு. எடுத்துட்டு வா.”

“ரெண்டு மாடி ஏறணும். ஒரு ராக் ஸ்டாரை எடுபிடி ஆக்கிட்டியேக்கா.”

“ஸ்டாரு கொஞ்சம் படியும் ஏறட்டும். போடா.”

அவன் போனதும் கதவைத் தாழிட்டாள். டேப்பில் ஒரு சத்தத்தின் மேல் வேறொன்றைப் பதிந்தால் பழையது அழிந்துவிடும். பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டு, கண்ணாடிக்கு அப்பாலிருந்த பாட்டு அறைக்குள் நுழைந்தாள்.

“இருபது வருஷமா உனக்கு நான்தான் சோறு போட்டேன்,” என்றாள், மைக் வழியே அந்த வளையத்திடம். “என் தம்பி மேல கை வைக்காதே.”

ஐந்து. ஆறு, செருமல். ஏழு, சொடுக்கு.

எட்டு.

கத்தினாள். மைதானங்கள் கேட்ட கத்தல். விசில் அதில் நொறுங்கியது.

அமைதி. இரும்பு வாடை. வாயில் துருச் சுவை.

கதவு தட்டப்பட்டது. கதவு உடைந்தது. தம்பி வந்து நின்றான், கையில் மாத்திரை அட்டை. கண்ணாடி வழியே நேராக அவளைப் பார்த்தான்.

“அக்கா?”

கையசைத்தாள். அவன் கண் அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது.

“எங்க போனக்கா?”

கண்ணாடியை அறைந்தாள். சத்தமில்லை. கீழே பார்த்தாள். கை இல்லை.

அவன் டேப்பை ஓடவிட்டான். வளையத்துக்குள், அவள் தலைக்கு மேலே, இருட்டிலிருந்து, ஏதோ கனமாக இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் இறங்கும். பக்கத்தில் ஒருவன் செருமினான். ஒருவன் விரல் சொடுக்கினான். சொன்ன நேரத்துக்குச் சொன்ன சத்தம், நல்ல கூலிக்காரர்கள்.

ஏழு முடிந்தது. அவள் முறை.

பல்லைக் கடித்துக்கொண்டாள். இரும்பு அவள்மேல் விழுந்தது. கத்தவில்லை. விழுந்து, காத்திருந்து, இன்னும் காத்திருந்தது. இருபது வருடத்தில் முதன்முறையாக மெஷினின் தாளம் தடுக்கியது. அதன் பிறகு, தான் நினைத்த நேரத்தில், கத்தினாள்.

வெளியே தம்பி நிமிர்ந்தான்.

அடி எட்டு. தாளத்துக்கு அடங்கியவை ஏழு. பாக்கி ஒன்று, அவளுடையது.